எட்டு கோர் கொடுத்தும் டேட்டாபேஸ் ஏன் நொண்டுது?

டேட்டாபேஸ் ஸ்லோ ஆயிடுச்சுன்னா நம்ம கை தானா போற இடம் ஒண்ணு இருக்கு: விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸ். மெஷினை ஆஃப் பண்ணி, ப்ராசஸர் ஸ்லைடரை 2-ல இருந்து 8-க்கு இழுத்து, மெமரியை சிவப்பு தொடுற வரைக்கும் ஏத்தி, திரும்ப ஆன் பண்ணுவோம். சில நேரம் வேகம் கூடும். பல நேரம் ஒண்ணும் மாறாது. சில நேரம் முன்னைவிட மோசமாகும். இந்த மூணாவது கேஸைத்தான் நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. அதனால அதையே முதல்ல எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன்.

இது லேப்டாப்போட முடியற விஷயம் இல்ல. ப்ராஜெக்ட் சீசன்ல ஒரே சர்வர்ல பத்துப் பதினஞ்சு டீமுக்கு ஆளுக்கொரு வெர்ச்சுவல் மெஷின் (இனிமே விஎம்) கொடுப்பாங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒவ்வொரு டீமும் 8 கோர் கேட்டா, ரிவ்யூ நாள்ல எல்லாரோட டேட்டாபேஸும் ஒண்ணா சேர்ந்து நொண்டும். மார்க் போறது எல்லாருக்கும்தான்.

முதல்ல, எதுக்காகக் காத்திருக்குன்னு பாருங்க

கோர் சேர்க்கறதுக்கு முன்னாடி, விஎம்-க்குள்ள லினக்ஸ்ல டாப் கமாண்டை ஓட்டுங்க. மூணாவது வரியில சிபியு நேரம் எங்கெங்க போகுதுன்னு பிரிச்சுக் காட்டும். யுஎஸ், எஸ்ஒய் ரெண்டும் நிஜமாவே வேலை நடக்கற நேரம். ஐடி சும்மா இருக்கற நேரம். டபிள்யூஏ டிஸ்க் பதிலுக்காகக் காத்திருக்கற நேரம். கடைசியில இருக்கற எஸ்டி பத்தி பின்னாடி சொல்றேன், இந்தக் கட்டுரைக்கு அதுதான் ஹீரோ.

டபிள்யூஏ அதிகமா இருந்து யுஎஸ் கம்மியா இருந்தா, நீங்க எத்தனை கோர் கொடுத்தாலும் அத்தனையும் டிஸ்க் முன்னாடி க்யூவுலதான் நிக்கும். லோட் ஆவரேஜ் 9 காட்டுதேன்னு பயந்து கோர் சேர்க்கறவங்க ஒண்ணு கவனிக்கணும். லினக்ஸ்ல லோட் ஆவரேஜ், சிபியு-வுக்குக் காத்திருக்கற ப்ராசஸை மட்டும் எண்ணாது, டிஸ்க்குக்காக முடங்கிக் கிடக்கறதையும் சேர்த்தே எண்ணும். சிபியு முக்கால்வாசி சும்மா இருக்கறப்பவே அந்த நம்பர் எகிறலாம்.

இன்னொண்ணு. உங்க பிரச்சினை "ஒரே ஒரு க்வெரி 40 செகண்ட் எடுக்குது"ன்னா, கோர் எண்ணிக்கைக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. மைஎஸ்க்யூஎல்-ல ஒரு க்வெரி பெரும்பாலும் ஒரே த்ரெட்லதான் ஓடும். போஸ்ட்கிரெஸ்ல பேரலல் க்வெரி உண்டு, ஆனா டீஃபால்ட்டா ஒரு கேதர் நோடுக்கு 2 வொர்க்கர்தான். தலைமை ப்ராசஸையும் சேர்த்தா 3. பாக்கி கோர் எல்லாம் வேடிக்கை பார்க்கும். அந்த க்வெரிக்கு வேண்டியது இண்டெக்ஸ், ப்ராசஸர் இல்ல.

விசிபியு-ங்கறது சிபியு இல்ல

நீங்க ஸ்லைடர்ல 8-ன்னு வெச்சா, 8 நிஜ கோர் உங்களுக்குன்னு ஒதுக்கப்படாது. ஹோஸ்ட் கண்ணுக்கு அது 8 த்ரெட், அவ்வளவுதான். கேவிஎம்-ல ஒவ்வொரு விசிபியு-வும் ஹோஸ்ட் லினக்ஸ்ல ஓடற ஒரு சாதாரண த்ரெட். ஹோஸ்ட்ல இடம் கிடைச்சா ஓடும், இல்லேன்னா காத்திருக்கும். காத்திருக்கறப்ப விஎம்-க்குள்ள இருக்கற ஓஎஸ்-க்கு அது தெரியாது. "என் கோர் ஓடிக்கிட்டுதான் இருக்கு"ன்னே அது நினைச்சுக்கும்.

ஈரோடு பஸ்ல தனி ஆளா ஏறினா எங்கயாவது ஒரு சீட் கிடைச்சிடும். எட்டு பேர் குடும்பமா ஏறி "எல்லாருக்கும் சேர்ந்து சீட் இருந்தாத்தான் உட்காருவோம்"னு நின்னா, பாதி பஸ் காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டேதான் போகணும். வி.எம்.வேர் இஎஸ்எக்ஸ் பழைய 2-ஆம் வெர்ஷன்ல நிலைமை கிட்டத்தட்ட இதேதான். ஒரு விஎம்-ஓட எல்லா விசிபியு-வும் ஒரே நேரத்துல ஓடற மாதிரி ஷெட்யூல் பண்ணும். 3-ஆம் வெர்ஷன்ல இருந்து அதைத் தளர்த்திட்டாங்க. தனித்தனியா உட்காரலாம், ஆனா ஒரு விசிபியு மத்ததைவிட ரொம்ப முன்னாடி போயிட்டா அதை நிறுத்தி வெச்சிடும். இந்த நிறுத்தத்துக்குப் பேர் கோ-ஸ்டாப். அதனால இன்னிக்கும் தேவையில்லாத விசிபியு இலவசம் கிடையாது.

சரி, தளர்த்திட்டா அப்புறம் என்ன பிரச்சினை? லாக்தான் பிரச்சினை. டேட்டாபேஸ் மாதிரி ஒரு ப்ரோகிராம்ல பகிர்ந்துக்கற டேட்டா ஸ்ட்ரக்சர் ஏகப்பட்டது இருக்கும். பஃபரை எடுக்க, லாக் டேபிளைத் தொட, எல்லாத்துக்கும் குட்டிக் குட்டி ஸ்பின்லாக். ஒரு த்ரெட் லாக்கைப் பிடிக்கும், சில வரி கோடு ஓட்டும், விட்டுடும். மைக்ரோசெகண்ட் கணக்குல முடியற வேலை. அது விடற வரைக்கும் மத்த த்ரெட் எல்லாம் தூங்காம ஒரு லூப்ல சுத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா தூங்கி எழுந்திரிக்கற செலவு அதைவிட அதிகம். நிஜ மெஷின்ல இது புத்திசாலித்தனம்.

விஎம்-ல என்ன ஆகும்னு பாருங்க. லாக்கைப் பிடிச்சிருக்கற விசிபியு-வை சரியா அந்த நேரத்துல ஹோஸ்ட் இறக்கி விட்டுட்டு, பக்கத்து டீமோட விஎம்-க்கு அந்தக் கோரைக் கொடுத்துடுது. அது திரும்ப ஏற சில மில்லிசெகண்ட் ஆகும். அது வரைக்கும் உங்க மத்த ஏழு விசிபியு-வும் கிடைக்காத லாக்குக்காக சுத்திக்கிட்டே இருக்கும். மைக்ரோசெகண்ட் காத்திருப்பு ஆயிரம் மடங்கு நீளுது. அதைவிடக் கொடுமை, சுத்தறதும் சிபியு வேலைதானே, டாப்ல யுஎஸ், எஸ்ஒய் 100% காட்டும். பார்க்கறவர் என்ன நினைப்பார்? "சிபியு பத்தல, இன்னும் ரெண்டு கோர் போடு." போட்டா நிலைமை இன்னும் இறுகும். இதுக்கு லாக் ஹோல்டர் ப்ரீஎம்ப்ஷன்னு பேர். இன்டெல், ஏஎம்டி ரெண்டு ப்ராசஸர்லயும் இப்படி வீணா சுத்தற விசிபியு-வைக் கண்டுபிடிச்சு வெளியே எடுக்க ஹார்ட்வேர் வசதி இருக்கு. வலி குறையும், நோய் போகாது.

இப்ப எஸ்டி-க்கு வரலாம். எஸ்டி-ன்னா ஸ்டீல், திருட்டு. "நான் ஓடத் தயாரா இருந்தேன், ஹோஸ்ட் எனக்குக் கோர் தரல"ங்கற நேரத்தோட சதவீதம். கேவிஎம், ஸென் மேல ஓடற லினக்ஸ் விஎம்-ல இது நேரடியாத் தெரியும். வி.எம்.வேர்ல பொதுவா கெஸ்ட்டுக்கு இந்தத் தகவல் போகாது, அதனால எஸ்டி பூஜ்யம்னு பார்த்து ஏமாறாதீங்க. அங்க வி-சென்டர்ல சிபியு ரெடின்னு ஒரு கிராஃப் இருக்கும். அது மில்லிசெகண்ட்ல காட்டும், சதவீதமா நாமதான் மாத்தணும். ரியல்-டைம் கிராஃப்ல ஒரு புள்ளி 20 செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது 20,000 மில்லிசெகண்ட். 4 விசிபியு விஎம்-க்கு மொத்தமா 4,000 காட்டினா, 20,000-ல 20%. நாலால வகுத்தா விசிபியு-வுக்கு 5%. 5%-க்கு மேல போனா கவனிக்கணும், 10% தாண்டினா யூசருக்கே உறைக்கும்கறது நிர்வாகிகள் வழக்கமா வெச்சிருக்கற கணக்கு.

லேப்டாப்காரங்களுக்கு: விர்ச்சுவல்பாக்ஸ் மேனுவலே தெளிவா சொல்லுது, ஹைப்பர்த்ரெட் சேர்க்காம நிஜ கோர் எத்தனையோ அதுக்கு மேல விஎம்-க்குக் கொடுக்காதீங்கன்னு. 4 கோர் 8 த்ரெட் ப்ராசஸர்னா, அந்த நாலுலதான் விண்டோஸ், ப்ரவுசர், ஐடிஇ எல்லாமே. டேட்டாபேஸ் விஎம்-க்கு 2 போதும். கீழ ஸ்டேட்டஸ் பார்ல பச்சை ஆமை ஐகான் தெரியுதான்னும் பாருங்க. தெரிஞ்சா, விண்டோஸ்ல ஹைப்பர்-வி ஆன்ல இருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல உட்கார்ந்து ஓடுதுன்னு அர்த்தம். ஆமைன்னு சும்மா வரையல. அந்த நிலைமையில ஸ்லைடரை எவ்வளவு ஆட்டினாலும் பெருசா பிரயோஜனம் இருக்காது.

சாக்கெட்டா, கோரா?

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆளுங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வெச்சிருக்கறவங்க நில்லுங்க. எக்ஸ்பிரஸ் எடிஷனுக்கு வரம்பு, ஒரு சாக்கெட் அல்லது 4 கோர், எது கம்மியோ அது. விஎம்-ல 4 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 கோர்னு அமைச்சிருந்தா எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். 1 சாக்கெட், 4 கோர்னு மாத்துங்க, நாலும் வேலைக்கு வரும். பைசா செலவில்லாம நாலு மடங்கு சிபியு! ஸ்டாண்டர்ட் எடிஷனுக்கு 2022 வெர்ஷன் வரைக்கும் 4 சாக்கெட் அல்லது 24 கோர். அங்கயும் 8 சாக்கெட்னு போட்டு பாதியை இழந்தவங்க உண்டு. எக்ஸ்பிரஸ்ல பஃபர் பூலுக்கும் 1,410 எம்பி-தான் வரம்பு, அதனால அந்த விஎம்-க்கு 16 ஜிபி கேட்கறது வீண்.

ரெண்டு சாக்கெட் சர்வர்ல பெரிய விஎம் ஓட்டறவங்களுக்கு நியூமா-ன்னு ஒரு தலைவலி தனியா உண்டு. ஒவ்வொரு ப்ராசஸருக்கும் பக்கத்துலயே அதோட மெமரி இருக்கும். அடுத்த ப்ராசஸர்கிட்ட இருக்கற மெமரியைத் தொட அதிக நேரம் ஆகும். விஎம்-ஓட சிபியு-வும் மெமரியும் ஒரே நியூமா நோடுக்குள்ள அடங்கற அளவுக்கு வெச்சா இந்தக் கவலை இல்ல. நம்ம ப்ராஜெக்ட் சைஸுக்கு எப்பவும் அடங்கும், மேல போகலாம்.

மெமரி: கொடுத்தா மட்டும் போதாது, சொல்லணும்

விஎம்-க்கு 4 ஜிபி-ல இருந்து 8 ஜிபி ஏத்தினீங்க. டேட்டாபேஸுக்கு அது யார் சொல்றது? போஸ்ட்கிரெஸ்ல ஷேர்ட் பஃபர்ஸ் டீஃபால்ட் 128 எம்பி. மைஎஸ்க்யூஎல்-ல இன்னோடிபி பஃபர் பூல் டீஃபால்ட்டும் 128 எம்பி. கான்ஃபிக் ஃபைலைத் தொடாம விட்டா, நீங்க 64 ஜிபி கொடுத்தாலும் அது 128-லயேதான் குடித்தனம் பண்ணும். போஸ்ட்கிரெஸ் மிச்ச மெமரியை ஓஎஸ் கேச் வழியா ஓரளவு அனுபவிக்கும். மைஎஸ்க்யூஎல்-ல அந்த அளவுக்குக் கூட எதிர்பார்க்காதீங்க.

வழக்கமான ஆரம்பப் புள்ளி: டேட்டாபேஸுக்குன்னே இருக்கற விஎம்-ல போஸ்ட்கிரெஸ் ஷேர்ட் பஃபர்ஸுக்கு மொத்த ரேம்ல கால்வாசி. இன்னோடிபி பஃபர் பூலுக்குப் பாதியில இருந்து முக்கால்வாசி. மைஎஸ்க்யூஎல்-ல இதை ஓடிக்கிட்டிருக்கறப்பவே மாத்தலாம், போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ரீஸ்டார்ட் வேணும். போஸ்ட்கிரெஸ்ல எஃபெக்டிவ் கேச் சைஸ்னு ஒண்ணு இருக்கும். அது மெமரியை ஒதுக்காது. "ஓஎஸ் கேச்சையும் சேர்த்து இவ்வளவு இருக்கும்"னு ப்ளானருக்கு ஒரு குறிப்பு மட்டும்தான், தாராளமா சொல்லலாம்.

நிஜமான கண்ணிவெடி வொர்க் மெம். டீஃபால்ட் 4 எம்பி. சார்ட் டிஸ்க்குக்குப் போகுதேன்னு பார்த்து யாரோ ஒருத்தர் எழுதின டிப்ஸைப் படிச்சு 256 எம்பி-ன்னு மாத்துவோம். ஆனா இது கனெக்‌ஷனுக்கு ஒண்ணு இல்ல, க்வெரிக்கு ஒண்ணும் இல்ல. க்வெரிக்குள்ள இருக்கற ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி. 20 கனெக்‌ஷன், ஒவ்வொண்ணுலயும் மூணு சார்ட் வர்ற ரிப்போர்ட் க்வெரின்னு வைங்க. 20 × 3 × 256 எம்பி, 15 ஜிபி. உங்க விஎம் 4 ஜிபி. லினக்ஸோட ஓஓஎம் கில்லர் வந்து போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ்ல ஒண்ணைக் கொல்லும். ஒண்ணுதான் செத்துச்சுன்னு நினைக்காதீங்க. ஷேர்ட் மெமரி கெட்டுப்போயிருக்கலாம்னு போஸ்ட்கிரெஸ் எல்லா கனெக்‌ஷனையும் துண்டிச்சு ரெகவரிக்குப் போயிடும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னாடி பார்க்க நல்லா இருக்காது. அதே கணக்குல 16 எம்பி வெச்சா 960 எம்பி, 4 ஜிபி-க்குள்ள அடங்கும். பெரிய ரிப்போர்ட்டுக்கு மட்டும் அந்த செஷன்ல தனியா ஏத்திக்கலாம்.

கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் குறைங்க. போஸ்ட்கிரெஸ் விக்கியில ஒரு பழைய சூத்திரம் உண்டு: கோர் எண்ணிக்கை இரண்டால பெருக்கி, அதோட டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டணும். 2 விசிபியு விஎம்-க்கு 5. "அஞ்சா? என் ஆப்புக்கு நூறு யூசர்!"னு கேட்கத் தோணும். யூசர் நூறு பேர் இருக்கலாம், ஒரே நொடியில க்வெரி ஓட்டறவங்க சிலர்தான். மத்தவங்க கனெக்‌ஷன் பூல்ல ஒரு கணம் காத்திருந்தா மொத்தமா சீக்கிரம் முடியும்.

போஸ்ட்கிரெஸ்ல கனெக்‌ஷனுக்கு வேற ஒரு மறைமுகச் செலவும் இருக்கு. ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி பேஜ் டேபிள். ஷேர்ட் பஃபர்ஸ் 8 ஜிபி-ன்னா, 4 கேபி பக்கமா வெட்டினா சுமார் 21 லட்சம் பக்கம். ஒரு என்ட்ரிக்கு 8 பைட். முழுசாத் தொட்ட ப்ராசஸுக்கு 16 எம்பி, 200 கனெக்‌ஷனுக்கு 3.2 ஜிபி! டேட்டா எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கவே இவ்வளவு. ஹ்யூஜ் பேஜஸ் போட்டு 2 எம்பி பக்கமா மாத்தினா 16 எம்பி வெறும் 32 கேபி ஆயிடும். விஎம்-ல இதோட லாபம் இன்னும் அதிகம். நிஜ மெஷின்ல ஒரு முகவரியைத் தேட நாலு அடுக்கு பேஜ் டேபிளைத் தாண்டணும். விஎம்-ல கெஸ்ட்டுக்கு நாலு, அதுல ஒவ்வொரு படிக்கும் ஹோஸ்ட்டோட நாலு. மோசமான நிலையில 4 தடவைக்குப் பதிலா 24 தடவை மெமரியைத் தொட வேண்டியிருக்கும். பக்கம் பெருசானா படியும் குறையும், டிஎல்பி-யும் அடிக்கடி நிரம்பாது. 1 ஜிபி பஃபர் வெச்சிருக்கற லேப்டாப்ல இதுக்கு மெனக்கெட வேண்டாம். 8 ஜிபி-க்கு மேல போனா கட்டாயம் பாருங்க.

ஹோஸ்ட் திரும்பக் கேட்டா?

சிபியு மாதிரியே மெமரியையும் ஹோஸ்ட் இருக்கறதைவிட அதிகமா வாக்குக் கொடுக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா, கொடுத்ததைத் திரும்ப வாங்கணும். ஆனா விஎம்-க்குள்ள எந்தப் பக்கம் முக்கியம், எது குப்பைன்னு ஹோஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால பலூன்னு ஒரு தந்திரம். விஎம்-க்குள்ள ஒரு டிரைவர் "எனக்கு மெமரி வேணும்"னு கெஸ்ட் ஓஎஸ்-கிட்டயே கேட்டு வாங்கி ஊதிக்கும். வாங்கினதை ஹோஸ்ட் எடுத்து வேற விஎம்-க்குக் கொடுத்துடும். எதை விட்டுக்கொடுக்கறதுன்னு கெஸ்ட் ஓஎஸ் முடிவு பண்ணும். வி.எம்.வேரைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல எழுதின பேப்பர்ல இது விவரமா இருக்கு. ஓஎஸ் சப்ஜெக்ட் பிடிச்சவங்க அந்தப் பேப்பரைத் தேடிப் படிங்க, நம்ம டெக்ஸ்ட்புக்கைவிட சுவாரஸ்யமா இருக்கும்.

வெப் சர்வருக்கு இந்த ஏற்பாடு சரி. டேட்டாபேஸுக்குச் சரிப்படாது. டேட்டாபேஸ் தன் மெமரி முழுக்க சூடான டேட்டாவை அடுக்கி வெச்சிருக்கும். பலூன் ஊதினா, முதல்ல ஓஎஸ் கேச் போகும், அப்புறம் பஃபர் பூல் பக்கங்களே ஸ்வாப்புக்குப் போக ஆரம்பிக்கும். டேட்டாபேஸ் "இது மெமரியில இருக்கு, வேகமா வரும்"னு நம்பி ஒரு பக்கத்தைத் தொடும், அது டிஸ்க்ல இருந்து வரும். கேச்சோட நோக்கமே தலைகீழாயிடும். பலூன் பத்தாம ஹோஸ்ட்டே நேரடியா ஸ்வாப் பண்ணினா அதைவிட மோசம், ஏன்னா கெஸ்ட் ஓஎஸ்-க்கு எதுவுமே தெரியாது. 8 ஜிபி லேப்டாப்ல 6 ஜிபி-யை விஎம்-க்குக் கொடுக்கறவங்க தினமும் பார்க்கறது இதைத்தான். விஎம்-க்குள்ள ஃப்ரீ கமாண்டு ஜாலியா 3 ஜிபி மிச்சம்னு காட்டும், விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%.

சர்வர்ல இதுக்கு மருந்து, மெமரி ரிசர்வேஷன். அந்த விஎம்-க்கு இவ்வளவு நிஜ ரேம் நிச்சயம்னு ஹோஸ்ட்ல எழுதி வைக்கறது. ரிசர்வ் பண்ணதைப் பலூனோ ஸ்வாப்போ தொடாது.

கிளவுட்ல ஃப்ரீயா கிடைச்சா

ஏடபிள்யூஎஸ் டி3.மைக்ரோவுக்கு 2 விசிபியு, 1 ஜிபி-ன்னு போட்டிருக்கும். அந்த 2 முழு நேரத்துக்கும் இல்ல. நிரந்தரமா ஓடக்கூடியது விசிபியு-வுக்கு 10%. மிச்சம் கிரெடிட். ஒரு கிரெடிட்னா ஒரு விசிபியு ஒரு நிமிஷம் முழு வேகத்துல ஓடலாம். மணிக்கு 12 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 288 சேர்த்து வைக்கலாம். முழுசா நிறைஞ்சிருக்கு, ரெண்டு விசிபியு-வும் 100% ஓடுதுன்னா நிமிஷத்துக்கு 2 செலவு, 0.2 வரவு, ஆக 160 நிமிஷத்துல காலி. அதுக்கப்புறம் ஸ்டாண்டர்ட் மோட்ல 10%-க்கு இறங்கிடும், டாப்ல எஸ்டி வானத்துக்கு ஏறும். டி3 டீஃபால்ட்டா அன்லிமிடெட் மோட்ல வரும். அதுல வேகம் குறையாது, நீண்ட நேரம் இப்படியே ஓடினா பில் வரும். டெமோவுக்கு முந்தின ராத்திரி முழுக்க டேட்டா லோட் பண்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுட்டு ஆரம்பிங்க.

நீங்களே அளந்து பாருங்க

போஸ்ட்கிரெஸ் கூடவே பிஜிபெஞ்ச் வரும். ஸ்கேல் 100 கொடுத்து டேட்டாவை உருவாக்கினா முக்கிய டேபிள்ல 1 கோடி வரிசை, சுமார் 1.5 ஜிபி. 8 க்ளையன்ட், 60 செகண்ட்னு ஓட்டி, கடைசியில வர்ற டிபிஎஸ்-ஐ எழுதிக்குங்க. ஸ்கேல், க்ளையன்ட் எண்ணிக்கையைவிடக் கம்மியா இருக்கக் கூடாது, இருந்தா எல்லாரும் ஒரே வரிசையை அப்டேட் பண்ண அடிச்சுக்குவாங்க, நீங்க அந்தச் சண்டையைத்தான் அளப்பீங்க. முதல் ஓட்டத்தை விட்டுடுங்க, கேச் சூடாகணும். அப்புறம் மூணு தடவை ஓட்டி நடு நம்பரை எடுங்க.

ரெண்டு விதமா ஓட்டணும். ஒண்ணு சாதாரணமா, இன்னொண்ணு செலக்ட் மட்டும் ஓடற மோட்ல. 1, 2, 4 விசிபியு-ன்னு மாத்தி மாத்தி ரெண்டையும் அளங்க. செலக்ட் மட்டும் ஏறி, சாதாரணம் ஏறலைன்னா உங்களைப் பிடிச்சு நிறுத்தறது டிஸ்க். கமிட் ஒவ்வொண்ணும் லாக் ஃபைல் டிஸ்க்ல போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்கும். 2-ல இருந்து 4-க்குப் போறப்ப செலக்ட்டே ஏறலைன்னா, ஹோஸ்ட்ல கோர் தீர்ந்துபோச்சு, 2-க்கே திரும்புங்க. ஒரு நேரத்துல ஒரு செட்டிங்கை மட்டும் மாத்தணும். பிஜிபெஞ்ச் அதே விஎம்-ல ஓடினா அதுவும் சிபியு-வைச் சாப்பிடும்கறதையும் மனசுல வைங்க.

டிபார்ட்மெண்ட் சர்வர்ல இருக்கறவங்க எதையும் மாத்தாம காலையில 7 மணிக்கு ஒரு தடவை, லேப் நடக்கற 3 மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. டிபிஎஸ் பாதியா விழுந்து, எஸ்டி-யோ சிபியு ரெடியோ ஏறியிருந்தா, பிரச்சினை உங்க கான்ஃபிக்ல இல்ல. அந்த ரெண்டு நம்பரையும் எடுத்துக்கிட்டு மத்த டீம்கிட்ட போங்க, எல்லாரும் சேர்ந்து 8-ஐ 2 ஆக்கிக்கலாம்னு பேசுங்க. அதுக்கப்புறம் சர்வர் பார்த்துக்கற சார்கிட்ட 2 விசிபியு, 4 ஜிபி, அந்த 4 ஜிபி-க்கும் ரிசர்வேஷன்னு எழுதிக் கொடுங்க.